பிணக்கும் பிளவும்

மனிதர்கள் கூடி வாழும் இடத்தில் கருத்து வேறுபாடு தோன்றாமல் இராது. ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவர்களிடையேகூட அது உண்டு. வந்த வேறுபாட்டை எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பதில்தான் நம் பொறுப்பு தொடங்குகிறது. ஏனெனில் வாய் எந்தச் சொல்லைச் சொல்கிறதோ, மனம் அதன் வழியே செல்கிறது.

தமிழில் இதற்குச் சொற்கள் பல. வேறுபாடு அறிவில் எழுவது. பிணக்கு உள்ளத்தில் தங்குவது. பூசல் வெளியே வெடிப்பது. பகை வேரூன்றி நிற்பது. பிளவு இரண்டாகப் பிரிந்தே போவது. திருவள்ளுவர் இவற்றை ஒன்றாக எண்ணவில்லை. இகலையும் உட்பகையையும் தனித்தனி அதிகாரங்களில் கண்டித்த அவரது நூல், 'ஊடலுவகை' என்ற 133-ஆவது அதிகாரத்தோடு நிறைவு பெறுகிறது. அன்பு மாறாத இடத்தில் மாறுபாடும் இனிக்கும் என்பதை அது உணர்த்துகிறது.

'பிணங்குதல்' என்ற சொல்லுக்கு மாறுபடுதல் என்பதோடு பின்னிக் கிடத்தல் என்ற பொருளும் உண்டு. பின்னிய நூலைப் பொறுமையாகப் பிரிக்கலாம். பிளந்த மரத்தை ஒட்ட முடியாது. மலையாளத்திலும் இச்சொல் 'பிணக்கம்' என வழங்குகிறது. 'வழக்கு' என்பதோ தமிழில் முறைமையையும் நீதிமன்ற வழக்கையும் குறிக்க, மலையாளத்தில் சண்டையையே குறிக்கிறது.

இவ்விரு மொழிகளும் அருகருகே வாழும் இடங்கள் இடுக்கி, பாலக்காடு எல்லைப் பகுதிகள். சொல் மாறினால் வாழ்வு எப்படி மாறும் என்பதற்கு அங்கே சான்று இருக்கிறது.

இடுக்கி மாவட்டத்தில் உள்ள முல்லைப் பெரியாறு அணை, 1886-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கட்டப்பட்டு 1895-இல் நிறைவடைந்தது. அதன் நீர் தேனி, மதுரை உள்ளிட்ட மாவட்டங்களின் வயல்களை வளர்க்கிறது. பழைய அணை என்பதால் அதன் கீழே வாழ்வோருக்கு அச்சம். நீர் குறைந்தால் பயிர் வாடும் என்பதால் கம்பம் பள்ளத்தாக்கு உழவர்களுக்குக் கவலை. அச்சம் பொய்யன்று, கவலையும் பொய்யன்று. ஒன்றை ஒப்புக்கொள்ள மற்றதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் 2011-ஆம் ஆண்டின் இறுதியில் அணையைப் பற்றிய பேச்சு இனத்தைப் பற்றிய பேச்சாக மாறியது. 'அவர்கள்', 'நாம்' என்ற சொற்கள் எழுந்தன. குமுளி, கம்பம்மெட்டு வழிகள் அடைபட்டன. ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் சென்றுவந்த கூலித் தொழிலாளர்கள் வேலை இழந்தனர். காய்கறி வாங்க மலையிலும் வழியில்லை. விற்கச் சமவெளியிலும் வழியில்லை. அணையின் உயரத்தை நிர்ணயிப்பதில் எந்தப் பங்கும் இல்லாத எளியவர்களே துன்புற்றார்கள். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. மேற்பார்வைக் குழுவில் இரு மாநிலப் பிரதிநிதிகளையும் சேர்த்தே அமர்த்தியது.

பாலக்காட்டிலும் இதே இரு மாநிலங்களுக்கு இடையே நீர்ப் பங்கீடு உண்டு. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தானது. மணக்கடவு வழியே சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் என்பது அதன் கணக்கு. அங்கும் குறைகள் எழுந்தன, போராட்டங்களும் நடந்தன. எனினும் அளவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அளவைப் பற்றியதாகவே நின்றது. பேசித் தீர்க்கக் கூட்டு வாரியம் ஒன்றும் இருந்தது.

நமது நியாய சாஸ்திரம் விவாதத்தை மூவகையாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய இருவரும் சேர்ந்து ஆராய்வது வாதம். வெற்றியையே நாடுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் இன்றிப் பிறர் கூற்றைத் தகர்ப்பது மட்டுமே விதண்டை. வாதத்தைக் கீதை இறைவனின் விபூதிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆகவே மாறுபடுவது பாவமன்று. மாறுபாட்டை அதன் அளவுக்கு மீறிய பெயரால் அழைப்பதே தவறு.

குடும்பத்திலும் ஊரிலும் சங்கங்களிலும் இது பொருந்தும். சினம் எழும்போது சற்று நின்று கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை: இது எந்தப் பொருளைப் பற்றியது? எதிரில் இருப்பவரின் அச்சம் என்ன? அவரே மெய்யென ஏற்கும் சொற்களால் அதை எடுத்துரைக்க இயலுமா? இயலுமாயின் அது இன்னும் பிணக்குதான், பிரித்தெடுக்கலாம். இயலாவிட்டால் பிளவு தொடங்கிவிட்டது என்று அறிந்து, முதலில் நாவைக் காப்பதே நலம்.