எலும்பினால் கட்டிய கப்பல்



சாப்பிட்டு முடிந்தபின் தட்டில் மிஞ்சும் எலும்பை நாம் என்ன செய்கிறோம்? நாய்க்கு எறிந்துவிடுகிறோம். அந்த எலும்பைக் கொண்டு கப்பல் கட்டிய மனிதரைப்பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கருகே நார்மன் கிராஸ் என்னுமிடத்தில் 1797-ம் ஆண்டு ஒரு பெரிய யுத்தச் சிறை திறக்கப்பட்டது. பிரான்சு தேசத்தாரோடு நடந்த சண்டையில் பிடிபட்ட மாலுமிகளையும் போர்வீரரையும் ஆயிரக்கணக்கில் அங்கே அடைத்து வைத்தார்கள். மரக்கொட்டகைகள், குளிர், கொள்ளைநோய். 1,770 பேர் அங்கே மாண்டார்கள் என்று 1914-ல் எழுப்பிய நினைவுத்தூண் சொல்லுகிறது. தாய்நாட்டைவிட்டு வந்திருந்த பிரெஞ்சு மேற்றிராணியார் ஒருவர் பக்கத்துக் கிராமமாகிய ஸ்டில்ட்டனில் தங்கி, இக்கைதிகளின் ஞான காரியங்களைக் கவனித்துவந்தார்.

கைதிகளில் சிலர் சூதாட்டத்தில் விழுந்தார்கள். காசு தீர்ந்ததும் போர்வையையும், உடுத்த துணியையும், நாளைக்குக் கிடைக்கவேண்டிய ரொட்டியையுங்கூடப் பந்தயம் வைத்துத் தோற்றுப் பசியாலும் குளிராலும் அழிந்தார்கள். அவநம்பிக்கை மனிதனை எவ்வளவு தூரம் இழுத்துப் போகிறது, பாருங்கள்!

வேறு சிலரோ சமையலில் மிஞ்சிய எலும்பை வேகவைத்து, வெளுக்கவிட்டு, மெல்லிய பலகைகளாக அறுத்தார்கள். மரத்தில் கப்பலின் உடலைச் செய்து, அதன்மேல் அந்த எலும்புப் பலகைகளைப் பொடிப்பொடியான பித்தளை ஆணிகளால் பதித்தார்கள். மயிரையும் பட்டுநூலையும் முறுக்கிக் கயிறாக்கினார்கள். சில கப்பல்களில் ஒரு நூலை இழுத்தால் வரிசையாயுள்ள பீரங்கிகளெல்லாம் உள்ளே போய்விடும். அவர்களுக்கு வரைபடம் ஏது? கண்ணால் கண்டு மனதில் நின்றதை வைத்தே கட்டினார்கள். ஆகையால் பாய்மரம் அளவுக்கு மிஞ்சி உயர்ந்துபோன கப்பல்களும் உண்டு. அளவுகோல் பிடித்துப் பார்க்கும் நிபுணர் அதைக் குறையென்பார். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. சிறைவாசலில் கூடிய சந்தையில் அவற்றை விற்று நாலு காசு கண்டார்கள். பீட்டர்பரோ பொருட்காட்சிசாலையில் அவர்களுடைய கைவேலைகளை இன்றும் காணலாம்.

பெரிய கப்பலை ஒருவனே தனியாய்ச் செய்து முடிப்பது அரிது. தச்சுவேலை தெரிந்தவன் ஒருவன், சித்திரம் செதுக்குகிறவன் ஒருவன், கயிறு கட்டத்தெரிந்த மாலுமி ஒருவன் என்று பலர் கூடினார்கள்.

கூட நிற்கிற இந்தக் காரியத்தில் பெயர்பெற்றவர் அர்ச். பர்னபா. அவருடைய சொந்தப் பெயர் சூசை. ஆறுதலின் மகன் என்று பொருள்படும் பர்னபா என்ற பெயரை அவருக்கு அப்போஸ்தலர்களே இட்டார்கள். மாற்கு என்னும் வாலிபன் வேதபோதகப் பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பிவிட்டான். அவனை மறுபடியும் அழைத்துப் போக அர்ச். சின்னப்பர் சம்மதிக்கவில்லை. பர்னபாவோ அவனைச் சேர்த்துக்கொண்டு சைப்பிரஸ் தீவுக்குக் கப்பலேறினார். பின்னாளில் சிறையிலிருந்த சின்னப்பரே, மாற்கு தமக்கு உதவியாயிருப்பதால் அவனை அழைத்துவரும்படி திமொத்தேயுவுக்கு எழுதினார். இடையில் பர்னபா இல்லாதிருந்தால் அவன் என்ன ஆகியிருப்பானோ!

பொழுதுபோக்காக மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்கள் இன்றும் பல தேசங்களில் உண்டு. 48-ல் ஒரு பங்கு அளவில் ஒரு போர்க்கப்பலைக் கட்டிமுடிக்க வருஷங்கள் ஆகும். உடல் எழும்பும்வரை உற்சாகம் குறையாது. பாய்மரத்துக்கு ஏறும் கயிற்றேணிகளில் ஒரே முடிச்சை நூற்றுக்கணக்கான தடவை போடவேண்டி வரும்போதுதான் கை ஓயும். பாதியில் நின்ற கப்பல் அலமாரிமேல் ஏறித் தூசி படியும். அந்த வேலையைக் கடந்துவந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் இந்த இடத்தில்தான் அலுத்தது, இன்றைக்கு ஒரு வரிசை போடு, போதும்" என்றால், மறுபடி நூலை எடுப்பான்.

நம் வீடுகளிலும் பையன் அட்டையும் பசையும் வைத்துக்கொண்டு எதையோ ஒட்டுகிறான். பெண் துணியில் பூப்போடுகிறாள். "இது சோறு போடுமா?" என்று தகப்பன் கேட்ட ஒரே கேள்வியில் எத்தனை பிள்ளைகளுடைய கை நின்றுபோயிருக்கிறது! அப்படி ஓய்ந்த கை பிறகு எதைத் தேடிப்போகிறது என்பதைத் தெருமுனையில் நடக்கும் சீட்டாட்டத்தைக் கண்ட பெற்றோர் அறிவார்கள். பொய்ப் புகழ்ச்சி செய்யுங்களென்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் அதைச் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். பாய்மரம் சாய்ந்திருந்தால், சாய்ந்திருக்கிறதென்றே சொல்லுங்கள். சொன்ன கையோடு, பசை காயும்வரை அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவனருகில் உட்காருங்கள்.