இடும்பன் சுமந்தது



பழனி மலை ஏறினவங்களுக்குத் தெரியும், பாதி வழியிலேயே இடும்பனுக்கு ஒரு சந்நிதி இருக்கு. அவரைக் கும்பிட்டுட்டுத்தான் மேலே ஆண்டவரைப் பார்க்கப் போவோம். ஏன் அவருக்கு முதல் மரியாதைன்னு யோசிச்சிருக்கீங்களா?

அகத்தியர் சொன்னதுக்காக சிவகிரி, சக்திகிரி ரெண்டு மலையையும் காவடியாக் கட்டித் தெற்கே சுமந்துட்டுப் போறான் இடும்பன். ஆவினன்குடி பக்கம் இளைப்பாற இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்கினா சிவகிரி அசையவே இல்ல. மேல கோவணத்தோட ஒரு பையன் நிக்கிறான். அவனோட சண்டை போட்டு இடும்பன் விழறான். இடும்பியும் அகத்தியரும் வேண்ட, முருகன் உயிர் கொடுத்து, தன் மலைக்கே காவலா வெச்சுக்கிறார்.

கவனிங்க. அந்த மலைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடத்துல இடும்பன் சேர்க்கவே இல்ல. இருந்தாலும் இன்னைக்கு வரை காவடி எடுக்கிற ஒவ்வொருத்தரும் அவரைத்தான் நினைக்கிறோம்.

இதோட அர்த்தம் எனக்கு விளங்கினது ஊதியூர் மலையில. தீபாவளிக்கு பனியன் கம்பெனிகள் லீவு விட்டிருந்த வாரம், கந்த சஷ்டி விரத நாள். திருப்பூர்லருந்து காங்கேயம் வழியா ஆறு பேர் போனோம். உத்தண்ட வேலாயுத சுவாமியைத் தரிசனம் பண்ணிட்டு, கொங்கணச் சித்தர் குகை வரைக்கும் ஏறினோம். அதுக்கு மேல ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் முன்னால போக, தடமே இல்லாம பாறையிலயும் முள்ளுலயும் உச்சியைப் பார்த்து நடந்தோம். ஐப்பசி மழையில பாறையெல்லாம் வழுக்குச்சு.

கடைசிப் பாறைக்குக் கீழ ஒரு நண்பன் உக்காந்துட்டான். ஓவர்லாக் டெய்லர். பாலும் பழமும் மட்டும்தான் அவனுக்கு விரதச் சாப்பாடு. "கால் நடுங்குது மாப்ள, நீங்க போயிட்டு வாங்க"ன்னான்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு உச்சியைத் தொடலைன்னா விரதம் எப்படிடா நிறையும்?"னு ஒருத்தன் அவன் கையைப் பிடிச்சு இழுத்தான்.

பெரியவர் தடுத்தார். "விடுங்க கண்ணு. எல்லாத்துக்கும் தண்ணி தூக்கிட்டு வந்தது அவருதானுங்களே."

உண்மைதான். அஞ்சு லிட்டர் கேனை அடிவாரத்துலருந்து அவன் யார்கிட்டயும் கொடுக்கவே இல்ல.

அந்தத் தண்ணியை பாட்டில்ல ஊத்திக்கிட்டு நாலு பேர் பெரியவரோட மேல போனாங்க. நான் அவன் கூட இருந்தேன். கொஞ்ச நேரத்துல உச்சியிலருந்து அரோகரா சத்தம் கேட்டுச்சு. உக்காந்த இடத்துலருந்தே அவனும் அரோகரா போட்டான். அந்த உச்சி தரிசனத்துல அவனுக்குப் பங்கு இல்லைன்னு யாரால சொல்ல முடியும்?

தைப்பூசத்துக்கு நம்மள்ல நிறைய பேர் தாராபுரம் வழியா பழனிக்கு நடக்கப் போறோம். கூட்டத்துல ஒருத்தர் பின்தங்கினா கேலி பண்ணாதீங்க, இழுக்காதீங்க. அவர் பையை வாங்கிக்குங்க, ஒருத்தராவது கூட நில்லுங்க. பழனியில இடும்பன் சந்நிதியைக் கடக்கும்போது, உங்க வீட்டுல, உங்க கம்பெனியில உங்களுக்காகச் சுமக்கிறவங்க பேரை ஒரு நிமிஷம் நின்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் படி ஏறுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!