ஏமாற்றுப் பலகை

மயிலாப்பூரில் பனி பெய்யாது. மார்கழி விடியற்காலையில் மாட வீதியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு போகிறவர்களுக்கே ‘பயங்கரக் குளிர்’ என்றால் ஏதோ இருபது டிகிரி. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த வாரம் பனிச்சறுக்குப் பலகையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால், ‘இவருக்கு என்ன ஆச்சு?’ என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவின் மலைச்சரிவில் புறப்படும் இந்தக் கதை, இரண்டு பக்கத்துக்குள் லஸ் கார்னர் பக்கம் வந்து சேர்ந்துவிடும்.

ஸ்கீ என்பது காலில் மாட்டிக்கொள்கிற நீளமான பலகை. காலுக்கு ஒன்றாக இரண்டு. பனிச்சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இறங்குவதில் பெரிய சாமர்த்தியம் வேண்டாம், புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். விழாமல் திரும்புவதுதான் வித்தை.

1940களின் கடைசியில் ஹோவர்டு ஹெட் என்ற விமான என்ஜினியர் இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளப் போனார். விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். நம் ஊரில் ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று ஒரு பழமொழி உண்டு அல்லவா? ஹெட் அதைத்தான் சொன்னார். ‘தப்பு என் மேல இல்லே, இந்த மரப்பலகை மேல.’

எல்லோரும் இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஹெட் போகவில்லை. விமானம் கட்டுகிற முறையில், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வேறு பொருளை வைத்துப் பசைபோட்டு ஒட்டிப் பலகை செய்தார். உடைந்தது. மாற்றினார். வளைந்தது. மாற்றினார். மூன்று வருடம் இதே வேலை. 1950ல் ஒட்டுப்பலகை நெஞ்சும் அலுமினியத் தோலும் எஃகு விளிம்பும் உள்ள ஒரு ஸ்கீ சந்தைக்கு வந்தது. நேற்று கற்றுக்கொள்ள வந்தவர்கூட அதை மாட்டிக்கொண்டு அழகாகத் திரும்பினார்.

அதாவது, கூடம் நிஜமாகவே கோணல்தான்!

வருடக்கணக்காக விழுந்து எழுந்து கற்றவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? அந்தப் பலகைக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது: ‘சீட்டர்ஸ்.’ ஏமாற்றுக்காரர்கள். பாதி கேலி, பாதி பொருமல். இந்த வார்த்தையைத்தான் நாம் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

ஹெட் 1969ல் கம்பெனியை விற்றுவிட்டு டென்னிஸ் கற்றுக்கொள்ளப் போனார். அங்கேயும் அதே கதை. பந்து ராக்கெட்டின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டது. பிடி கையில் முறுக்கிக்கொண்டது. ‘தப்பு ராக்கெட் மேல.’ மறுபடியும் பட்டறை. 1976ல் பிரின்ஸ் என்ற பெயரில் ஒரு பெரிய முக ராக்கெட் வந்தது. அன்றைய மர ராக்கெட்டைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பரப்பு.

இதன் சூட்சுமம் எளிமையானது. கையை மடக்கிக்கொண்டு சுழல்கிறவரை நிறுத்துவது சுலபம், கையை அகல விரித்துக்கொண்டு சுழல்கிறவரை நிறுத்துவது கஷ்டம். எடை நடுவிலிருந்து தள்ளிப்போகப் போக, சுழற்றுவதும் கஷ்டம். ராக்கெட்டின் சட்டம் அகலமானால், ஓரத்தில் பந்து பட்டாலும் அது லேசில் முறுக்கிக்கொள்ளாது. பத்து அடியில் நாலு அடி சரியாகப் போனவருக்கு ஏழு அடி சரியாகப் போகும். முதலில் ‘கிழவர்களுக்கான ராக்கெட்’ என்று சிரித்தார்கள். 1978ல் பாம் ஷ்ரைவர் என்ற 16 வயதுப் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டிவரை போனபோது சிரிப்பு நின்றது. பத்து வருடத்துக்குள் விம்பிள்டனிலிருந்தே மர ராக்கெட் போயே போய்விட்டது.

இப்போது லஸ் பக்கம் வருவோம்.

மயிலாப்பூர் ஆலிவர் ரோடு, இன்றைய முசிரி சுப்பிரமணியம் சாலை, டென்னிஸ் உலகம் அறிந்த விலாசம். ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 61லும் விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர். மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979ல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். அப்பாவும் 1954ல் அதே பட்டத்தை வென்றவர். இருவர் ஆட்டத்திலும் அடிதடி கிடையாது. பந்தைத் தடவிக்கொடுத்து, எதிராளி இல்லாத இடமாகப் பார்த்து அனுப்பிவைக்கிற ஆட்டம். ரமேஷ் வளர்ந்தது மர ராக்கெட் காலம். ஆடி முடித்தது கிராஃபைட் காலம். எதிரே நின்றவர்களின் பந்து வருடத்துக்கு வருடம் வேகமாக வந்தது. அதே மென்மையான ஆட்டத்தை வைத்துக்கொண்டு அவர் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அன்று உலகின் நம்பர் ஒன்னாக இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். ஆனாலும் அந்தப் பாணி மெள்ள மெள்ள அருகிவிட்டது. ‘ராக்கெட் வந்து கலையைக் கொன்னுடுச்சு சார்’ என்று பெருமூச்சு விடுகிற ரசிகர்களைச் சென்னையில் நீங்கள் சந்தித்திருப்பீர்கள்.

சரி, அந்தப் பெருமூச்சு நியாயமா? கருவி நம் வேலையைச் சுலபமாக்கினால், ஜெயித்தது நாமா, கருவியா?

வீட்டுக்குள் இந்தக் கேள்வியே எழாது. கிரைண்டரில் அரைத்த மாவை யாரும் ஏமாற்று மாவு என்று சொல்வதில்லை. ஆட்டுக்கல் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பாட்டியின் தோள்வலிக்கு எந்தப் புனிதமும் இல்லை. நமக்கு வேண்டியது இட்லி. கஷ்டம் போனால் நல்லது.

ஆனால் திருப்பதிக்கு நடந்தே மலையேறுவதாக வேண்டிக்கொள்கிறீர்கள். கீழே போனதும் ‘எப்படிப் போனாலும் அதே பெருமாள்தானே’ என்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுகிறீர்கள். பஸ்ஸில் போவது பாவமா? இல்லவே இல்லை. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் உங்கள் வேண்டுதல் என்ன ஆயிற்று? நீங்கள் காணிக்கையாகக் கொடுப்பதாகச் சொன்னதே அந்தக் கஷ்டத்தைத்தானே!

விளையாட்டு என்பது எல்லோரும் கூடிச் செய்துகொள்கிற ஒரு வேண்டுதல். பந்தைக் குழிக்குள் போடுவதுதான் நோக்கம் என்றால் கையால் எடுத்துப் போட்டுவிடலாம். காயைக் கையால் தள்ளாமல் ஸ்ட்ரைக்கரால்தான் அடிப்பேன் என்று நாமே ஒரு கஷ்டத்தை ஏற்றுக்கொள்கிறோம். அதனால்தான் அது கேரம். அந்த ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று விதி. ஏன் 15? ஏன் 17 இல்லை? ஆழமான தத்துவம் எதுவும் கிடையாது. எல்லோரும் ஒப்புக்கொண்டோம், அவ்வளவுதான். ஒப்புக்கொண்டபின் சட்டைப்பையில் 20 கிராம் ஸ்ட்ரைக்கர் வைத்திருப்பவன் ஏமாற்றுக்காரன். எல்லோருமாகப் பேசி நாளைக்கே 20 கிராம் என்று மாற்றிக்கொண்டால் அவனும் யோக்கியன்.

அப்படியானால் ஹெட்டின் பலகையில் மோசடி எதுவும் இல்லை. ஒளித்துவைக்கவில்லை, கடையில் விற்றார். யாரும் வாங்கலாம்.

‘சரி, ஒப்புக்கொண்டால் எதுவும் சரியாகிவிடுமா?’ என்று கேட்பீர்கள். அங்கேதான் 1977ல் வந்த ‘ஸ்பகெட்டி’ ராக்கெட் உதவிக்கு வருகிறது. இரட்டை அடுக்கு நரம்பு, நடுவே பிளாஸ்டிக் குழாய்கள். பந்து அதில் பட்டதும் எந்தப் பக்கம் சுழலும், எவ்வளவு எகிறும் என்று எதிராளியால் கணிக்க முடியாது. களிமண் தரையில் 53 ஆட்டங்கள் தொடர்ந்து ஜெயித்துவந்த கியெர்மோ விலாஸ், இலி நஸ்டாஸேயின் கையில் இருந்த அந்த ராக்கெட்டிடம் இரண்டு செட் இழந்து, ஆட்டத்தை விட்டே வெளியேறினார். டென்னிஸ் சங்கம் அதைத் தடை செய்தது. வேடிக்கை என்னவென்றால், ராக்கெட் என்றால் இன்னதுதான் என்று அதுவரை விதிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது! 1978ல்தான் எழுதினார்கள்.

இரண்டு ராக்கெட்டும் புதுசு. இரண்டும் உதவி செய்தன. ஒன்றை ஏற்றார்கள், ஒன்றை விரட்டினார்கள். பெரிய முக ராக்கெட் தவறான அடிகளைக் குறைத்தது. ஆனால் ஓட வேண்டும், கணிக்க வேண்டும், எங்கே அடிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். மனிதனுக்கு வேலை மிச்சம் இருந்தது. ஸ்பகெட்டியோ எதிராளியின் கணிப்பையே அர்த்தமில்லாமல் ஆக்கியது. ஆகவே ஒரு கருவியிடம் ‘நீ எனக்கு எவ்வளவு உதவுகிறாய்?’ என்று கேட்பதைவிட, ‘எனக்கும் எதிரே நிற்பவருக்கும் செய்வதற்கு என்ன மிச்சம் வைக்கிறாய்?’ என்று கேட்பது புத்திசாலித்தனம்.

ஸ்கீயிலும் இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. 1993ல் ஸ்லோவேனியாவின் ஈலான் கம்பெனி, உடுக்கை மாதிரி இரு முனையும் அகன்று இடுப்பு சிறுத்த ஒரு ஸ்கீயைக் கொண்டுவந்தது. பலகையைச் சாய்த்தால் முனைகள் பனியைக் கவ்வும். ஆளின் கனத்தில் இடுப்பு கீழே அமுங்கும். பலகை வில்லாக வளையும். அந்த வில்லின் தடத்திலேயே ஸ்கீ தானாகத் திரும்பும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். இன்று உலகெங்கும் அந்த வடிவம்தான்.

ஆனால் போட்டியாளர்கள் அதே வளைவைப் பயங்கர வேகத்தில் எடுத்தார்கள். முழங்கால்கள் போயின. 2012-13 சீசனிலிருந்து சர்வதேச ஸ்கீ சம்மேளனம் ‘ஜயன்ட் ஸ்லாலம்’ போட்டியில் ஆண்களுக்கு ஒரு விதி போட்டது. பலகையின் ஓர வளைவை ஒரு வட்டத்தின் துண்டு என்று வைத்துக்கொண்டால், அந்த வட்டத்தின் ஆரம் 27 மீட்டராக இருந்தது, இனி 35. அதாவது, இடுப்பு அத்தனை சிறுக்கக் கூடாது; திரும்புவது மறுபடி கஷ்டமாகட்டும். டெட் லிகட்டி என்ற அமெரிக்க வீரர் ‘இது கொடுங்கோன்மை’ என்று கொதித்தார். புது விதிப்படி முதல் போட்டி ஆஸ்திரியாவின் ஸோல்டன் என்ற ஊரில். ஜெயித்தது யார் தெரியுமா? அதே லிகட்டி. நூறில் ஒரு பங்கு நொடியில் தீர்மானமாகிற விளையாட்டில் 2.75 நொடி வித்தியாசத்தில்! 2014 ஒலிம்பிக்கிலும் அந்தப் போட்டியில் தங்கம் அவருக்குத்தான். சில வருடம் கழித்து, 35 அதிகம் என்று பட்டதால் 30க்கு இறக்கினார்கள். ஒப்பந்தம் என்றால் இப்படித்தான். கல்வெட்டு கிடையாது, பேசிப் பேசித் திருத்திக்கொள்வது.

ஆனால் எந்த விதியாலும் அளக்க முடியாத கருவிகளும் இருக்கின்றன. ஆலிவர் ரோடு வீட்டுப் பையனுக்கு வீட்டிலேயே ஆடுகளம் இருந்தது. அப்பா உலகத்தரம், அவரை உருவாக்கிய தாத்தா கூடவே இருந்தார். அது எத்தனை சதுர அங்குல ராக்கெட்டுக்குச் சமம்? 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர், குல்மார்க்கின் ஆரிஃப் கான். ஜயன்ட் ஸ்லாலத்தில் 45வது இடம். அவருக்கும் அதே 30 மீட்டர் விதிதான். ஆனால் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பிறந்தவனுக்குக் கிடைத்த பயிற்சியாளர்களையும் போட்டிகளையும் எந்தச் சம்மேளனம் அவருக்குச் சரிசமமாக அளந்து கொடுக்கும்? கையில் இருக்கிற கருவியைத்தான் நாம் ஏமாற்று என்கிறோம். பிறப்பிலேயே கையில் வந்த கருவியைத் திறமை என்கிறோம்.

இதனால் ரமேஷின் வெற்றி குறைந்துவிடவில்லை. அந்த ஆடுகளத்தில் நின்று ஆயிரம் காலை வேளைகள் பந்தை அடித்தது அவர்தான். தாத்தா கொடுத்தது ஆடுகளம். அந்தக் காலை வேளைகளை யாரும் கொடுக்க முடியாது. ‘கருவியையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் இருக்கிற சுத்தமான நான்’ என்று ஒருவர் எங்கும் கிடையாது. கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்பது மட்டுமே நம் கணக்கில் வரும். அந்தக் கணக்கைப் பார்க்கும்போது, கிடைத்ததையும் ஒரு வரி எழுதிவைத்தால் நேர்மை. பக்கத்து வீட்டுப் பையன் மார்க்கை நம் பையன் மார்க்கோடு ஒப்பிடும்போது நாம் அந்த வரியைத்தான் சௌகரியமாக விட்டுவிடுகிறோம்.

ஆகவே, ‘இந்த பேட் சரியில்லப்பா, வேற வாங்கிக் குடு’ என்று அடுத்த முறை உங்கள் பிள்ளை சொன்னால், உடனே பழமொழியை எடுத்து வீசாதீர்கள். உடனே கடைக்கும் ஓடாதீர்கள். ஒரு தடவை குனிந்து கூடத்தைப் பாருங்கள். நிஜமாகவே கோணலாக இருக்கலாம். நேராக்கிக் கொடுங்கள், அது உங்கள் கடமை. அதற்கப்புறம் ஆட வேண்டியது மட்டும் அவன் பாடு.