ஒப்படைத்தால் கடமை முடிந்துவிடுமா?

பெங்களூருவில் ஒரு மாலைப் பொழுது. வயது முதிர்ந்த அன்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மூச்சுத்திணறலால் சிறிய மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்தார். தேவையான வசதி அங்கு இல்லாததால் அவரைப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு மாற்ற முடிவாயிற்று. ஆம்புலன்ஸில் அவருடைய மனைவியுடன் நானும் சென்றேன். சில்க் போர்டு சந்திப்பில் கடும் நெரிசல். போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணியைத் தாண்டிவிட்டது.

அங்கே இரத்தச் சர்க்கரையைச் சோதித்த செவிலியர் இன்சுலின் ஊசியைத் தயார் செய்தார். அப்போது அந்த அம்மாள், “சிஸ்டர், ஆறு மணிக்கே அங்கே போட்டாங்களே!” என்றார். செவிலியரின் கை சட்டென்று நின்றது. முதல் ஊசி பற்றிய குறிப்பு, பழைய மருத்துவமனையின் கோப்பிலேயே தங்கிவிட்டிருந்தது. இரண்டாவது ஊசியும் உடலில் ஏறியிருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்திருக்கக்கூடும்.

இதில் யாரைக் குறை சொல்வது? அனுப்பியவர்கள் அன்பாகவே அனுப்பினார்கள். ஓட்டுநர் திறமையாக ஓட்டினார். ஏற்றுக்கொண்டவர்கள் உடனே கவனித்தார்கள். அவரவர் வேலையை அவரவர் செய்தனர். ஆயினும், இருவர் வேலைக்கும் இடையில் இருந்த வெற்றிடத்தில் ஓர் உயிர் நழுவ இருந்தது. அதைத் தாங்கியது மருத்துவம் படிக்காத ஒரு மனைவியின் விழிப்பு!

அன்றிரவு என் மனத்தில் எழுந்த கேள்வி இது: ஒரு பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது நம் கடமை எந்தக் கணத்தில் முடிகிறது? நாம் கைவிடும் கணத்திலா, மற்றவர் கைப்பற்றும் கணத்திலா?

இதே நகரம் இந்தக் கேள்விக்கு ஓர் அழகிய விடையையும் தந்திருக்கிறது. 2014 செப்டம்பரில், பெங்களூருவின் பிஜிஎஸ் குளோபல் மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம், சென்னை அடையாறில் அப்போது ஃபோர்டிஸ் மலர் என்ற பெயரில் இயங்கிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. உடலிலிருந்து எடுத்த இதயத்தை ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்குள் பொருத்திவிட வேண்டும். எனவே போக்குவரத்துக் காவலர்கள் சாலையை ஒழுங்குபடுத்தினர். விமானம் சுமந்து சென்றது. சென்னையிலும் வழி திறந்து வைக்கப்பட்டது. மறுமுனையில் மருத்துவர்கள் காத்திருந்தனர். அடுத்த கை பற்றிக்கொள்ளும் முன் எந்தக் கையும் விடவில்லை.

ஓர் இதயத்திற்கு இவ்வளவு அக்கறை. சரி, இதயம் உடலுக்குள்ளேயே இருக்கும் ஒரு முதியவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பொது வார்டுக்கு மாற்றும்போது? அவரும் அதே அக்கறைக்கு உரியவர்தானே!

நம் நாட்டின் சட்டம் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. ஸ்கூட்டரில் சென்று விபத்தில் சிக்கிய ஒருவரை, போலீஸ் வழக்கு என்பதால் ஏற்காமல், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. இச்செய்தி காரணமாக எழுந்த பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிரைக் காப்பதே அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் முதற்கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. ‘வேறிடம் செல்லுங்கள்’ என்ற சொல்லோடு கடமை தீர்ந்துவிடாது என்பதே இதன் உட்பொருள்.

‘பற்றின்றிச் செயல்படு என்பதுதானே கர்மயோகம்? என் பங்கைச் செய்துவிட்டேன். பிறகு நடப்பது இறைவன் சித்தம் என்றிருப்பதுதானே சரி?’ என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். பலனில் பற்றின்மை என்பது, புகழும் வெற்றியும் எனக்கு வேண்டும் என்ற எண்ணத்தை விடுவது. பிறருக்கு என்ன ஆகிறது என்ற அக்கறையை விடுவது அல்ல. கடமையை மயக்கத்தால் துறப்பது தாமசம் என்றும், உடல் வருத்தத்திற்கு அஞ்சித் துறப்பது ராஜசம் என்றும் கீதையின் 18-ஆம் அத்தியாயம் தியாகத்தைப் பிரித்துக் காட்டுகிறது. அலட்சியம் சில நேரங்களில் வைராக்கியத்தின் உடையை அணிந்து வருகிறது. சாதகர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது.

ஒப்படைப்பது எப்படி என்பதைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் காணலாம். கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல முதுமகளான மாதரியிடம் ஒப்படைக்கிறார். ‘இவளைப் பார்த்துக்கொள்’ என்று மட்டும் சொல்லிச் செல்லவில்லை. அவள் எத்தகையவள், நடந்து பழகாத கால்களோடு வழியில் எவ்வளவு துன்பத்தைத் தாங்கினாள், இனி அவளுக்கு எப்படித் துணையாக இருக்க வேண்டும் என்றெல்லாம் எடுத்துரைக்கிறார். மாதரியும் அடைக்கலத்தின் அருமையை உணர்ந்தே ஏற்கிறாள். பின்னர்ப் பெருந்துயர் நேர்ந்தபோது, ‘நான் ஒப்படைத்துவிட்டேன்’ என்று அவரும் ஒதுங்கவில்லை. ‘என் வீட்டில் நடக்கவில்லையே’ என்று இவளும் ஒதுங்கவில்லை.

இன்றைய மருத்துவம் இதையே தன் மொழியில் கூறுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஒன்பது பாதுகாப்பு வழிமுறைகளுள், நோயாளியை ஒப்படைக்கும்போது தகவலைச் சரியாகத் தெரிவிப்பதும் ஒன்று. புறப்படும் முன் நோயாளியின் மூச்சும் இரத்த அழுத்தமும் நிலைபெற வேண்டும். பயண நேரத்தைவிடக் கூடுதலாகப் போதும் அளவுக்கு ஆக்ஸிஜன் இருக்க வேண்டும். அங்கே படுக்கையும் மருத்துவரும் தயாரா என்று கேட்டறிய வேண்டும். என்ன நோய், என்ன மருந்து, கடைசியாக எத்தனை மணிக்கு, எது ஒவ்வாது என்பதை எழுத்திலும் வாய்மொழியிலும் தெரிவிக்க வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஒப்படைப்பு நிறைவு பெறுகிறது.

இது மருத்துவமனைக்கு மட்டும் உரிய பாடமா? வயதான தாயை ஒரு மகன் வீட்டிலிருந்து இன்னொரு மகன் வீட்டிற்கு அனுப்புகிறோம். பையில் துணிகள் போகின்றன, மாத்திரைகளும் போகின்றன. இரவில் அவள் எத்தனை முறை எழுவாள், எதைக் கண்டு பயப்படுவாள் என்பது போகிறதா? நல்ல மனம் மட்டும் போதாது. அன்பு நினைவாற்றலோடும் ஒழுங்கோடும் சேரும்போதுதான் சேவையாகிறது.

அந்த ஆசிரியர் நலமாக வீடு திரும்பினார். இப்போது அவருடைய மனைவி ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். மருந்தின் பெயர், அளவு, நேரம் எல்லாம் அதில் இருக்கின்றன. “இனிமேல் எங்கே போனாலும் இதை அவங்க கையிலே கொடுத்து, அவங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் நிப்பேன், சுவாமிஜி” என்றார்.

படித்து முடிக்கும்வரை நிற்பது: கடமை எங்கே முடிகிறது என்ற என் கேள்விக்கு அதுவே விடை.