இரத்தம் கொடுக்கலாமா, ஐயா?



பாலக்கோடு பக்கத்துச் சகோதரி ஒருவர், மனநோயுள்ள மகனோடு பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர், என்னிடம் கேட்டார்: "ஐயா, ஆராய்ச்சிக்கு எங்க குடும்பத்துல ரத்தம் கேக்கறாங்க. அதுல இருந்து மூளைச் செல்லு வளர்ப்பாங்களாம். தேவனோட வேலையில கை வெச்ச பாவம் எங்களுக்கு வருமா?"

முதலில் காரியத்தை அறிவோம். எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல்லை ஸ்டெம் செல் என்கிறார்கள். 1998-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் அதை மனிதக் கருவிலிருந்து எடுத்து வளர்த்தார், கரு அழிந்தது. 2006-ல் ஜப்பானில் யமனாக்கா, எலியின் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதையே மூலச் செல்லாக மாற்றினார். 2007-ல் மனித செல்லிலும் அது கைகூடிற்று. கருவை அழிக்கவேண்டிய அவசியம் இல்லாமற்போயிற்று.

பெங்களூரில் நிம்ஹான்ஸும் என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் நிலையங்களும் சேர்ந்து, பலருக்கு மனநோயுள்ள குடும்பங்களில் இரத்தம் வாங்கி, இந்த முறையில் நரம்புச் செல் வளர்த்து, நோயாளியின் செல்லையும் சுகமாயிருக்கும் உறவினரின் செல்லையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். உயிரோடிருப்பவரின் மூளையை அறுத்துப் பார்க்க முடியாதல்லவா?

கவனியுங்கள்! நம் மாவட்டத்தில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறோம். அது பாவமா? மரத்துக்குள் ஜீவனை வைத்தது நாமல்ல. செல்லும் அப்படியே. நாம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு.

இதற்காக ஒரு கரு அழிக்கப்பட்டதா? இங்கே இல்லை.

கொடுப்பவர் விளங்கிக்கொண்டு சம்மதித்தாரா? மகன் தெளிவாயிருக்கும்போது அவனையும் கேட்கவேண்டும்.

இல்லாத சுகத்தை யாராவது விற்கிறார்களா? "ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாகும்" என்று லட்சக்கணக்கில் கேட்டால் நிலத்தை விற்காதீர்கள். இரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை தவிர மற்றவை அனுமதி பெற்ற பரிசோதனையில் மட்டுமே நடக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வழிகாட்டியிருக்கிறது.

ஒன்றை அறிக்கை செய்கிறேன். அந்தச் சகோதரியின் பயம் விஞ்ஞானத்தால் வந்ததல்ல, எங்களைப் போன்றவர்களால் வந்தது. "குடும்ப சாபம்" என்று நானே பிரசங்கித்திருக்கிறேன். "மாத்திரை வேண்டாம், விசுவாசம் போதும்" என்று ஒரு வாலிபனிடம் சொன்னேன். அவன் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டேன். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது ஆண்டவர் பெற்றோர்மேல் பழி போடவில்லை. நாம் போட்டோம்!

சகோதரியிடம் சொன்னேன்: "பாவம் இல்லம்மா. இதனால உங்க பையனுக்கு நாளைக்கே சுகம் வராது. பின்னால வர்ற ஒரு தாயோட கண்ணீர் குறையலாம். மனசிருந்தா கையெழுத்துப் போடுங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. நாங்க ஜெபத்தை நிறுத்த மாட்டோம்."

ஆமென்.