வேலை போன துப்பாக்கிகளின் விலை

வின்செஸ்டர் என்ற சொல் தமிழ்ப் பையன்களுக்கு சிவகாசி வழியாகத்தான் வந்தது. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாலைவனத்தில் குதிரை ஓட்டுவார். நாம் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அதைப் படிப்போம். 1948இல் இத்தாலியில் போனெல்லி, காலெப்பினி என்ற இருவர் உருவாக்கிய அமெரிக்க ஹீரோ, தமிழ் பேசிக்கொண்டு நம் கைக்கு வந்து சேர்ந்தார். அந்தத் துப்பாக்கியை நம்மில் யாரும் தொட்டதில்லை. ஆனாலும் விசைக்குக் கீழே வளையம் போல ஒரு லீவர் இருக்கும், அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தயார் என்று நமக்குத் தெரியும்.

அந்த லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்களின் செகண்ட் ஹேண்ட் விலை அமெரிக்காவில் பல வருடங்களாக ஏறிக்கொண்டே போகிறது. ஒரு காலத்தில் அடகுக் கடைகளில் இருநூறு, முன்னூறு டாலருக்குக் கிடைத்த வின்செஸ்டர் 94, இன்று நல்ல நிலையில் இருந்தால் ஆயிரத்தைத் தொடுகிறது. நமக்கென்ன போச்சு என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த விலைக்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. கொல்வதற்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள், கொல்லும் வேலையை நிறுத்திய பிறகு ஏன் மதிப்பு கூடுகிறது? அந்த மதிப்பை ரசிக்கும் நாம் உண்மையில் எதை ரசிக்கிறோம்? கொஞ்சம் நடந்து பார்த்தால் கேள்வி ஆவடி வரைக்கும் வருகிறது.

*

முதலில் விலையின் கதை. வின்செஸ்டர் 94 ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. 1894இல் வெளிவந்து எழுபது லட்சத்துக்கும் மேல் விற்றது. பண்ணை வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கிற சாதாரணப் பொருள் அது, நம் வீட்டுக் கடப்பாரை மாதிரி. 1964இல் கம்பெனி செலவைக் குறைக்க உற்பத்தி முறையை மாற்றியது. அன்றிலிருந்து ‘அறுபத்துநாலுக்கு முந்தையது’ என்பதே தனி ஜாதி ஆகிவிட்டது. 2006இல் நியூ ஹேவன் ஆலையை மூடினார்கள். போட்டிக் கம்பெனியான மார்லினை ரெமிங்டன் வாங்கியதும் தரம் விழுந்தது. அதனால் குழலில் ‘ஜே.எம்.’ முத்திரை உள்ள பழைய மார்லின்களை மக்கள் தேட ஆரம்பித்தார்கள். 2020இல் ரெமிங்டன் திவாலாகி, மார்லின் ரூகர் கைக்குப் போனது. ஆலை மூடும்போதெல்லாம் பழையதின் விலை ஒரு படி ஏறியது.

இது பாதிக் காரணம்தான். சுடுகிறவர்களே மாறிவிட்டார்கள் என்பது மீதிப் பாதி. மான் வேட்டைக்குப் போகிற தலைமுறைக்கு வயதாகிவிட்டது. இளைஞர்கள் வாங்குவது ராணுவச் சாயல் கொண்ட கறுப்பு பிளாஸ்டிக் துப்பாக்கிகளை. அந்தக் கறுப்புக்கு நடுவில் வால்நட் மரமும் நீல எஃகும் திடீரென்று அழகாகத் தெரிகின்றன. கேசட் ஒழிந்த பிறகு கேசட்டின் மேல் வருகிற பாசம் இது. பழைய லயன் காமிக்ஸ் இதழ்களுக்கே இன்று சேகரிப்பாளர்கள் என்ன விலை சொல்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள், புரியும்.

எனக்கும் அந்த ஆசை உண்டு. இன்ஜினியரிங் படித்தவனுக்கு அந்த இயந்திரம் மயக்கம் தருவதில் ஆச்சரியமில்லை. ஒரே கை அசைவு. லீவர் கீழே போகும்போது காலி உறை வெளியே எகிறுகிறது, சுத்தியல் பின்னால் மடங்கி நிற்கிறது. மேலே வரும்போது அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிப் பூட்டிக்கொள்கிறது. ஒரு பாகம்கூட உபரி இல்லை. இரவு பதினொரு மணிக்கு, வேலை முடிந்த லேப்டாப்பில், யாரோ ஒருவர் 1895 மாடலைப் பிரித்துப் பூட்டுவதை முழுதாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பொருள்மேல் குற்றம் இல்லை, பயன்படுத்துகிறவன்மேல்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இயந்திரம் தெரிந்தவனால் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு இயந்திரத்தின் ஒவ்வொரு பாகமும் ‘எதற்கு?’ என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் இருக்கிறது. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே இரண்டாவது உயிரைக் குறி வைக்கத்தான் அந்த லீவர். அதன் அழகு அந்த நோக்கத்தோடு அது எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதில் இருக்கிறது. அழகை எடுத்துக்கொண்டு நோக்கத்தை மட்டும் கழற்றி வைத்துவிட முடியாது.

*

லீவர் ஆக்‌ஷன் நம் காடுகளுக்கும் வந்திருக்கிறது. கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது அதுதான்: .405 தோட்டா போடும் வின்செஸ்டர் 1895. பெங்களூரில் வாழ்ந்த, விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மனிதர். ஜவளகிரி, பென்னாகரம், சீகூர் என்று இன்றைய தமிழ்நாட்டு மேற்குக் காடுகளில் ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் புலிகளையும் தேடி அலைந்தவர். 1954இல் வந்த அவருடைய முதல் வேட்டை நூலிலேயே ஜவளகிரிப் புலி இருக்கிறது. அதே .405ஐ 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோனார். அந்த மாடலில் செய்த நாலு லட்சத்துச் சொச்சத்தில் பெரும்பகுதி, ஏறத்தாழ மூன்று லட்சம், முதல் உலகப்போரில் ஜார் மன்னரின் ரஷ்யப் படைக்குப் போனது. கௌபாய் துப்பாக்கி என்று நாம் நினைப்பதை அதிகம் சுமந்தவர்கள் ரஷ்யக் குடியானவச் சிப்பாய்கள். ஆனால் விலையை ஏற்றுவது ரூஸ்வெல்ட்டின் கதை. சிப்பாயின் கதை அந்தக் கணக்கில் வருவதில்லை.

இந்தியாவில் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் விலை வேறு ஒரு காரணத்தால் ஏறியது. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை முடிந்தது. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி செய்வதும் நின்றது. தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு. அதற்கு முன் கப்பலேறி வந்தவைதான் கணக்கு, புதிதாக ஒன்றும் வராது. அதனால் வெளிநாட்டில் மூலையில் கிடக்கிற வெப்லி ரிவால்வருக்கும் வால்தர் பிஸ்டலுக்கும் இங்கே லட்சக்கணக்கில் பேசுகிறார்கள். எஃகின் விலை அதில் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மூடிய கதவின் விலை.

அப்படி வாங்கினாலும் முழுதாக ‘என் பொருள்’ என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் சுவாரசியம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தில் துப்பாக்கி சொத்து மாதிரி இருக்கும், ஆனால் சொத்தல்ல. மாவட்டத்தில் ஆட்சியரும், மாநகரக் காவல் எல்லைக்குள் ஆணையரும் லைசென்ஸ் கொடுக்க வேண்டும். வாங்கும் தோட்டாவுக்குக் கணக்கு உண்டு. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். உரிமையாளர் இறந்தால் பிள்ளைக்குத் தானாக வந்துசேராது. ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்றுக்குப் பதிலாக இரண்டுதான் வைத்திருக்கலாம். தாத்தாவின் நிலம் பேரனுக்கு வரும், தாத்தாவின் துப்பாக்கி கேள்வியோடுதான் வரும்: உனக்கு எதுக்குப்பா இது?

எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருக்கிறது. சில பொருட்களை வைத்திருக்கிறவர் அவற்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற எண்ணம் சரியானது. அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேர் கையில் இருந்தாலும் யாரும் கேட்காத கேள்வி அது என்று பெருமைப்பட்டுக்கொள்ளவும் தோன்றும். ஆனால் கேள்வியை எல்லாரிடமும் ஒரே குரலில் கேட்டிருக்கிறோமா?

*

வரலாறு அவ்வளவு சுத்தமாக இல்லை. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனி செய்த முதல் வேலைகளில் ஒன்று, தெற்குச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களிடம் லைசென்ஸ் கேட்டது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு கொடுத்தது. இன்றைய லைசென்ஸ் அந்தக் கொடியில் காய்த்தது. ‘உனக்கு எதுக்கு?’ என்ற கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்படவில்லை என்பதில்தான் அதன் அறம் இருக்கிறது.

இதை ஆவடியில் பார்க்கலாம். ஆவடி என்ற பெயரே ராணுவ ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து என்று பாதிப் பேர் நம்புகிற ஊர் இது. அது கட்டுக்கதை, ஊர்ப் பெயர் பழையது. கதை பிறக்கக் காரணம் இருக்கிறது: கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இலிருந்து டாங்கி செய்கிறார்கள், பக்கத்திலேயே விமானப்படை, துணை ராணுவம், சிறப்புக் காவல்படை. இவ்வளவு ஆயுதம் சூழ்ந்த ஊரில் தனியார் கையில் ஒரு துப்பாக்கியை நாம் பார்ப்பது எங்கே? ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுவரும் வேன் பக்கத்தில். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தேய்ந்த கட்டையோடு ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி. இந்த வேலைக்குப் பெரும்பாலும் துப்பாக்கியும் லைசென்ஸும் ஆளுடையதாகவே இருக்க வேண்டும். தையல்காரருக்கு மெஷின் போல, அது அவர் முதலீடு. அவருடைய துப்பாக்கிக்கு ஏக்கம் கிடையாது, சேகரிப்பாளர் கிடையாது. இன்னமும் வேலையில் இருக்கிறது, அதனால் விலை இல்லை.

அதே ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் வந்து போனதால் அதை டிவியில் எல்லாரும் பார்த்தோம். ஒரு தலைமுறைக்கு முன்பு அவர்கள் கையில் இருந்ததும் துப்பாக்கிதான். குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் இடித்துப் போடுகிற நாட்டுத் துப்பாக்கி. கொக்கு, மடையான், காடை, நரி. வயலில் பயிரைக் கெடுப்பதை அடித்துத் தரச் சொல்லி விவசாயிகளே கூப்பிட்டிருக்கிறார்கள். 1972க்குப் பிறகு, காடு, ஏரி எங்கும் அந்தத் தொழில் குற்றமானது. கொக்கையும் நரியையும் காக்க வேண்டியது நியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேட்டையை விட்ட ஜமீனுக்கு ஹாலில் மாட்ட ஒரு புலித்தலை மிஞ்சியது, மைசூர் வான் இங்கன் கம்பெனி பாடம் செய்து கொடுத்தது. பழைய ரைஃபிளுக்கு லைசென்ஸ் மிஞ்சியது. சொல்ல ஒரு கதையும், அதற்குப் ‘பாரம்பரியம்’ என்ற பெயரும் மிஞ்சின. வேட்டையை விட்ட நரிக்குறவருக்கு மிஞ்சியது ஊசிமணி, பாசிமணி. பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைக்கவே 2023 ஆகிவிட்டது. அவருடைய தாத்தாவின் துப்பாக்கிக்குச் சந்தை இல்லை. அதைப் பேப்பரில் ‘கள்ளத் துப்பாக்கி’ என்று எழுதுகிறோம்.

இருவரும் செய்தது ஒன்றே. ஒருவர் பசிக்குக் கொன்றார், இன்னொருவர் பொழுதுக்குக் கொன்றார். விலை ஏறியது இரண்டாமவருக்கு.

அமெரிக்காவிலும் இப்படித்தான். வின்செஸ்டரை ‘மேற்கை வென்ற துப்பாக்கி’ என்று விளம்பரம் செய்தார்கள். யாரிடமிருந்து வென்றது? 1876இல் லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டரின் குதிரைப்படை ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கியோடு நின்றபோது, எதிரே லகோட்டா, ஷையான் வீரர்கள் பலர் கையில் லீவர் ஆக்‌ஷன் இருந்தது. அந்தப் படம் எந்த விளம்பரத்திலும் வரவில்லை.

*

இதற்கிடையே சுடும் பழக்கம் வேறொரு திசையிலும் மாறியிருக்கிறது. 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய பிறகு துப்பாக்கி நடுத்தர வர்க்க வீட்டுக்குள் பாடத்திட்டம் போல நுழைந்தது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் பிடித்தார். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். எழுபத்தைந்து நிமிடத்தில் அறுபது குண்டு. அங்கே எதிரி என்பது சுடுபவரின் இதயத் துடிப்பு. புதுக்கோட்டைத் தொண்டைமான் அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் களிமண் தட்டைச் சுட்டார். அந்த விளையாட்டு புறா சுடுவதிலிருந்து பிறந்தது. புறாவுக்குப் பதில் களிமண் வந்தது. சொல்லப்போனால் மனித நாகரிகம் செய்த நல்ல மாற்றங்களில் இது ஒன்று. திறமை மிஞ்சியது, உயிர் தப்பியது.

விளையாட்டு கொலையைத் துப்பாக்கியிலிருந்து நேர்மையாகப் பிரித்து வெளியே வைத்தது. பழைய துப்பாக்கிச் சந்தையோ கொலையின் வாசனையை மட்டும் பாட்டிலில் அடைத்து விற்கிறது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாகக் கொடுத்த ரிக்பி ரைஃபிளை, அதைச் செய்த கம்பெனியே 2015இல் திரும்ப வாங்கியது. அதே மாதிரி ரிக்பிகள் எத்தனையோ இருக்கும். இதற்கு மட்டும் அந்த மரியாதை ஏன் என்றால், அதோடு ஒட்டியிருக்கிற கதைக்காக.

அப்படியானால் அந்த ஆசை தவறா? தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கிறவர்கள். ஆயுத பூஜையன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துக்கும் மாலை, என் லேப்டாப்புக்கும் சந்தனம், போலீஸ் ஸ்டேஷனில் ரைஃபிளுக்கும் குங்குமம். அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு: பூஜைக்கு வைத்த கருவியை எடுத்து வேலை செய்யக்கூடாது. கருவியைக் கும்பிடும் நாளில் அதைக் கீழே வைத்துவிட வேண்டும். அதனால் நடந்ததையெல்லாம் ஒரு நாள் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். பழைய துப்பாக்கியை ரசிக்க ஒரு நேர்மையான வழி இருக்கும் என்றால் அது இந்த வழிதான். இயந்திரத்தின் கச்சிதத்தையும் அது எதற்காகக் கச்சிதமானது என்பதையும் சேர்த்தே பார்ப்பது. ரூஸ்வெல்ட்டோடு ரஷ்யச் சிப்பாயையும், ஜமீனோடு நரிக்குறவரையும் சேர்த்தே நினைப்பது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆயுதங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. அங்கே ஆண்டர்சனுடையதைப் போன்ற ஒரு வின்செஸ்டரையும், பக்கத்திலேயே ஒரு நரிக்குறவரின் நாட்டுத் துப்பாக்கியையும் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். செய்தவர் யார், வைத்திருந்தவர் யார், எதைக் கொன்றது, ஏன் நிறுத்தியது என்று இரண்டுக்கும் ஒரே அளவில் அட்டை எழுத வேண்டும். முதல் அட்டையை எழுத நமக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டாவதற்கு ஆவடி பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கும் பெரியவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.