தேக்கிய நீர் யாருடையது?

மார்கழி வைகறையில் திருப்பாவை ஒலிக்காத வைணவத் திருக்கோயில் இல்லை. அதன் நான்காம் பாசுரம் மழையை நோக்கிய விண்ணப்பம். வானம் தன் கொடையை மறைத்துக் கொள்ளாமல் உலகோர் அனைவரும் வாழப் பெய்ய வேண்டும் என்பது ஆண்டாளின் திருவுள்ளம். இந்த விண்ணப்பத்தைப் பக்தியுடன் ஓதுகின்ற ஊரார், மழை பெய்து ஓடை பெருகியதும் மண்வெட்டியோடு சென்று ஓடி வரும் நீரைக் கரை கட்டி நிறுத்துகின்றனர். அது பிழையன்று, வறண்ட நாட்டில் அதுவே பிழைப்பு. ஆயினும் சிந்திக்கத் தக்க கேள்வி ஒன்று இங்கே எழுகிறது. கொடையை மறைக்காதே என்று வானத்தை வேண்டியவர், பெற்ற நீரைக் கீழே உள்ளவருக்கு மறைக்கலாமா? தேக்கியவனுக்கே நீர் சொந்தமாகி விடுமா?

இக்கேள்வி ஏட்டில் மட்டும் உள்ளதன்று. கொட்டாம்பட்டி வட்டாரத்தின் ஒவ்வோர் ஓடைக் கரையிலும் உள்ளது. மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் முதலில் திருமோகூருக்குப் பிரிகின்ற வழி வரும். அங்கே எம்பெருமான் காளமேகம் என்னும் திருநாமத்தோடு, கார்முகிலாகவே எழுந்தருளியிருக்கிறான். மேற்கே அழகர்மலை நீண்டு கிடக்க, அதன் மேல் நூபுர கங்கை இடையறாது சுரக்கிறது. சாலை மேலூரைக் கடந்து மேலும் வடக்கே சென்றால் கொட்டாம்பட்டி. முகிலின் பெயர் கொண்ட பெருமாளும் சுனை வற்றாத மலையும் அருகிருந்தும் இவ்வட்டாரம் வானம் பார்த்த பூமி. 1895ஆம் ஆண்டு முடிவுற்ற பெரியாற்று அணையின் நீர் மேலூர்ப் பக்கத்து வயல்களைப் பசுமையாக்கியது. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களில் பெரும்பாலானவை இன்றும் மழையையே நம்பியிருக்கின்றன.

மழை இங்கே அறவே இல்லை என்பதற்கில்லை. ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறக்குறைய 4,000 லிட்டர் நீர். நல்ல மழையொன்று 50 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர். ஆனால் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை ஆகிய மாதங்களை ஒட்டிச் சில நாட்களில் கொட்டித் தீர்ந்து விடுகிறது. பாறையும் சரளையும் மிகுந்த சரிவில் விழுந்த நீர், நிற்க இடமின்றி ஓடி மறைகிறது. ஆகவே நீரைப் பிடித்து வைப்பது பேராசையன்று, கடமை. பெரியோர்களும் அதைக் கைங்கர்யமாகவே கருதினர். கன்னட நாட்டில் மேல்கோட்டைக்கு அருகே தொண்டனூரில் இரு குன்றுகளின் இடைவெளியை அடைத்துக் கட்டிய பேரேரி ஒன்று உள்ளது. அது ஸ்ரீராமாநுஜர் அமைத்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உலகை மாயை என்று தள்ளாமல், அது எம்பெருமானுக்குத் திருமேனி என்று உபதேசித்த ஆசாரியருக்கு அத்தகைய பணி பொருத்தமானதே.

தேக்குவது கடமை என்றால், எவ்வளவு தேக்கலாம் என்பதுதான் அடுத்த கேள்வி. இதற்கான விடையைப் பண்டைய கண்மாயின் அமைப்பே கூறுகிறது. கரை நீரைத் தடுக்கிறது. மடை வயலுக்கு விடுகிறது. கலிங்கு மிகுதியை வெளியேற்றுகிறது. கலிங்கில் வழிந்த நீர் மறுகால் ஓடையாகச் சென்று அடுத்த ஊர்க் கண்மாயை நிரப்புகிறது. அது நிரம்பியதும் அதற்கு அடுத்தது. இவ்வாறு ஒரே நூலில் கோத்த மணிகளைப் போலக் கண்மாய்கள் தொடர்ந்து கிடக்கின்றன. கரையும் மடையும் உள்ளவரை அந்தக் கண்மாய் ஓர் ஊருக்குரியது. கலிங்கு அமைந்த பின்னரே அது நாட்டுக்குரியதாகிறது. கலிங்கு இல்லாத கரை பெருவெள்ளத்தில் தானும் உடையும், கீழூரையும் அழிக்கும். தன்னலம் தன்னையே அழிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை.

வழக்கு பிறப்பதும் அந்தக் கலிங்கில்தான். பழைய கலிங்குகளின் மீது கற்கால்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றின் இடையே மண்ணும் புல்லும் அடைத்து நீர்மட்டத்தைச் சற்றே உயர்த்திக் கொள்வது வழக்கம். அதையே மழை தொடங்கும் முன்பு செய்தாலோ, ஒரு முழம் கூடுதலாகச் செய்தாலோ, கீழ்க் கண்மாய்க்கு மறுகால் போகாது. மேற்புறத்தில் பிறர் நிலம் முழுகும். ஒரு முழ மண்ணுக்காக இரண்டு ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பகைத்ததுண்டு. இக்காலத்தில் ஓடைகளின் குறுக்கே சிமெண்டுத் தடுப்பணைகள் எழும்போதும் அதே வழக்கு புதிய உருவில் வருகிறது.

மேலூரார் கூறும் நியாயம் எளிதானது. “கல் சுமந்தவர் நாங்கள், பணம் கொடுத்தவர் நாங்கள், எங்கள் எல்லையில் பெய்த மழை இது. உழைத்தவனுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு உண்டு?” என்பர். இதைப் புறக்கணித்தல் தகாது. உழைப்புக்குப் பயன் இல்லையெனில் யாரும் கரை கட்ட முன்வரார். ஆனால் உழைப்பு தருவது பங்கா, முழுமையா என்பதே வினா.

இதற்குத் திருவேங்கடமுடையான் சந்நிதியில் ஒரு மறுமொழி உண்டு. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளின் திருமலைக் கல்வெட்டுகள் ஓர் அரிய ஏற்பாட்டைக் கூறுகின்றன. அன்பர் ஒருவர் பெருமாள் அமுதுபடிக்கென்று பொருள் சமர்ப்பிக்கிறார். அப்பொருள் திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவாகிறது. நீர் பாய்ந்து கூடுதலாக விளைந்ததிலிருந்து தளிகை நடக்கிறது. பெருமாள் அமுது செய்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று கொடையாளருக்கு உரியது, எஞ்சியது பிறருக்கு. நீர் தேக்கும் அறம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. கொடுத்தவனுக்கு ஒன்றும் இல்லை என்று அந்த ஏற்பாடு சொல்லவில்லை. எல்லாம் அவனுக்கே என்றும் சொல்லவில்லை. விட்டவனுக்கு ஒரு விழுக்காடு. ஏரி அமைத்தவருக்கும் பழுது பார்த்தவருக்கும் தென்னாட்டில் வழங்கப்பட்ட ‘தசபந்தம்’ என்னும் மானியமும் இக்கருத்தை ஒட்டியதே.

பங்கைப் பகிர்பவர் யார் என்னும் ஐயத்தை உத்தரமேரூர் தீர்க்கிறது. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. ஊரின் நீர்நிலையைக் காக்க ஏரி வாரியம் இருந்தது. அதன் உறுப்பினர் குடவோலையால் தெரிந்தெடுக்கப் பட்டனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மீண்டும் அப்பொறுப்பு இல்லை. நீரை ஆள்பவன் உடைமையாளன் அல்லன், கணக்குச் சொல்ல வேண்டியவன் என்பது அதனால் விளங்கும்.

கீழூராருக்கும் ஒரு நியாயம் உண்டு. “பாட்டன் காலத்திலிருந்து இந்நீர் எங்களுக்கு வந்தது; மேலே ஒரு கல்லும் வைக்கலாகாது” என்பர். முந்திய அனுபவம் மதிக்கத் தக்கதே. ஆயினும் அதுவும் முழுமையன்று. மேலூரில் குடிநீர்க் கிணறு வற்றிப் பெண்கள் குடமேந்தி அலையும்போது, கீழே இரண்டாம் போகத்துக்காக ஒரு தடுப்பணையை எதிர்ப்பது அறமாகாது. முதலில் மனிதரின் தாகம்; அடுத்தது ஆடுமாடுகளின் தாகம்; அதன் பின் எல்லார்க்கும் ஒரு போகம்; மிகுதி இருந்தால் மறுபோகம். யார் மேலே, யார் கீழே என்பதைவிட எத்தேவை முதலில் என்பதைக் கேட்டால் பாதி வழக்கு தீரும். குடிநீர்க் குளத்துக்கு ‘ஊருணி’ என்று பெயர் வைத்தவர்கள் இந்த வரிசையை அறிந்தவர்கள். ஊரே உண்பது ஊருணி. அதில் ஏக்கர்க் கணக்கு இல்லை.

ஊருக்குள்ளும் மேலும் கீழும் உண்டு என்பது மறக்கலாகாது. கரை உயர்ந்தால் நிலமுடையவனுக்கு நெல். கரைக்கு மண் சுமந்த நிலமற்றவனுக்கு அன்றைய கூலி மட்டும்தானா? 1972ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்டு மனம் நொந்த விலாஸ்ராவ் சாளுங்கே என்னும் பொறியாளர், மகாராஷ்டிர மாநிலம் புரந்தர் வட்டத்து நாய்காவ் சிற்றூரில் இக்கேள்விக்கு விடை தேடினார். அவர் உருவாக்கிய பானி பஞ்சாயத்தில் நீர் நிலத்தின் அளவுக்கன்றி ஆட்களின் எண்ணிக்கைக்கே அளக்கப் பட்டது. தலைக்கு அரை ஏக்கர் பாய்ச்சும் நீர், ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வரை, நிலமற்றவருக்கும் பங்குண்டு, நீரை விழுங்கும் கரும்புக்கு இடமில்லை. சண்டிகருக்கு அருகிலுள்ள சுகோமாஜ்ரியில் 1970களின் பிற்பகுதியில் மண் அணைகள் எழுந்தபோது ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமமான நீர்ப்பங்கு வைக்கப்பட்டது. நிலமில்லாதவரும் ஆடு மேய்ப்பவரும் அதனால் மலைச்சரிவைக் காக்க முன்வந்தனர். பங்கு பெற்றவன் காவலனாகிறான்; விலக்கப் பட்டவன் எவ்வாறு காப்பான்?

கண்ணுக்குத் தெரியும் நீரோடு வழக்கு முடிவதில்லை. தடுப்பணையில் நின்ற நீர் மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுக் கிணறுகளில் ஊறுகிறது. அதற்காகவே தடுப்பணை கட்டப்படுகிறது. ஆனால் பலர் சேர்ந்து இறக்கிய நீரை, ஆழமான குழாய்க் கிணறு தோண்டிய ஒருவர் இரவோடு இரவாக இறைத்து விடலாம். அயலார் கிணறு வற்றும். கலிங்கை அடைத்தவனை ஊர் கண்டிக்கும். மோட்டாரை ஓட்டியவனைக் கண்டிப்பாரில்லை. இரண்டும் ஒரே குற்றம் என்பதை உணர்ந்த ஊர்களும் உண்டு. மகாராஷ்டிரத்து ஹிவரே பஜாரில் பாசனத்துக்குக் குழாய்க் கிணறு கூடாது என்று ஊராரே விதித்துக் கொண்டனர். ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, குடிநீருக்கு ஒதுக்கிய பின்னரே பயிரைத் தீர்மானிக்கின்றனர். மழை குறைந்த ஆண்டில் ஆசையும் குறைகிறது.

மதுரை நாட்டார் இதில் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கியது 1876 முதல் 1878 வரை. அதன் பின், 1886ஆம் ஆண்டு திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதி, பென்னிகுக் என்னும் பொறியாளர் முன்னின்று கட்டிய அணையால், மேற்குக் கடலுக்குச் சென்ற நீர் கிழக்கே திரும்பியது. வேறொரு நாட்டின் மலையில் பெய்த மழையை உண்டு வளர்ந்தது இந்த நாடு. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் எழுந்தருளும் வேளையில் வையை வறண்டிருந்தால், 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து நீர் விடப்படுகிறது. மேலே தேக்கி வைத்தவர் திறந்து விட்டதால்தான் கீழே பெருமாள் ஆற்றில் இறங்குகிறார். இலட்சக் கணக்கானவர் சேவிக்கின்றனர். கீழிருந்து பெறும்போது கைநீட்டிய நாடு, மேலிருந்து கொடுக்க வேண்டும்போது கைமடக்குவது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே தேக்கிய நீர் யாருடையது என்னும் கேள்விக்கு விடை கூறலாம். மழை எம்பெருமானுடையது. கரை கட்டியவர் அதன் காவலர். காவலருக்கு ஒரு விழுக்காடு உண்டு. தாகமுற்றவருக்கு முதலிடம் உண்டு. எஞ்சியது கீழே செல்லக் கடமைப்பட்டது. ஆனால் உரிமை பேசுமிடத்தில் கடமையும் பேசப்பட வேண்டும். வரத்துக்காலில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்க, கண்மாயில் வண்டல் மேடிட, நீர்ப்பிடிப்பில் வீடு எழும்ப விட்டுவிட்டு, மேலூரான் நீரைத் தடுத்தான் என்று புலம்புவதில் பயனில்லை. ஊரார் கூடி ஆண்டுதோறும் கரையும் காலும் செப்பனிட்ட குடிமராமத்து, 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாய வேலையாக்கப் பட்டும் பின்னர்ச் செழிக்கவில்லை. 2017இல் தமிழக அரசு அப்பெயரிலேயே புதிய திட்டம் தொடங்கியது. அரசு பணம் தரலாம். கலிங்கின் மட்டத்தைக் காக்கும் மனத்தை ஊரார்தாம் தர வேண்டும்.

கொட்டாம்பட்டி வட்டாரத்தில் இனி எழும் ஒவ்வொரு தடுப்பணைக்கும் முன்பு மேலூராரும் கீழூராரும் ஒரே மரத்தடியில் அமர்ந்து, எந்த மட்டம் வரை நீர் நிற்கலாம் என்று கல்லில் குறித்து, நிலமற்றவரையும் உடன் வைத்துப் பேசி முடித்தல் வேண்டும். அது கோயில் மண்டபத்திலே நடைபெறுமாயின் மிகவும் சிறப்பு. மார்கழியில் மழையை வேண்டிய அதே வாய், ஐப்பசியில் மறுகாலைத் திறக்கச் சொல்லுமானால், அந்த ஊரின் பாசுரம் பொய்யாகாது.